கூப்பிட்டால் பதில் சொல்லும் இயந்திரம்

போன வாரம் எங்கள் வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது. புகார் கொடுத்து, மறுபடி கொடுத்து, கடைசியில் ஒரு டெக்னீஷியன் வந்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார், கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினார், யாருக்கோ போன் செய்தார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்:

"லைன் நல்லா கீது மேடம். டப்பாவும் நல்லா கீது. அந்தப் பக்கம் உங்க பேர எடுத்துட்டாங்க. இங்க நீங்க இன்னா பண்ணாலும் வராது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே வேகத்தில் அடங்கியும் விட்டது. எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். ஏறக்குறைய இதே வாக்கியத்தை என் இருபத்துச் சொச்ச வயதில், ஒரு கறுப்பு டெலிபோனில், கிண்டியிலிருந்து ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்தபின் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்போது திருவொற்றியூரில் லாரி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பிறந்து வளர்ந்தது ராயபுரம் என்பதால் இரும்பு வாடையும் மீன் வாடையும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் காற்று மணலிப் பக்கமிருந்து அடித்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று எங்கள் அறைக்குப் பெயர். பெயர்தான் அப்படி. உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. அது கிண்டியில் தலைமை அலுவலகத்தில், ஒரு மாடி முழுக்க ஏசி போட்ட அறையில் இருந்தது. எங்களிடம் இருந்தவை கார்டில் ஓட்டை போடும் பஞ்ச் இயந்திரங்களும், அவற்றின் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டை போட்ட சில பெண்களும், அவர்களை மேற்பார்வை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நானும்.

பஞ்ச் கார்டை இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அளவில் கெட்டியான மஞ்சள் அட்டை. புதுக் கட்டைப் பிரித்தால் பள்ளிக்கூடம் திறக்கிற நாளின் வாசனை வரும். ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளக் கணக்கு அதன் ஓட்டைகளில் அடங்கிவிடும். கார்டுகளைப் பெட்டிபெட்டியாக வேனில் ஏற்றி கிண்டிக்கு அனுப்புவோம். அங்கே பெரிய கம்ப்யூட்டர் அதைத் தின்றுவிட்டு, சம்பளச் சீட்டும் ஸ்டாக் கணக்கும் அச்சடித்துத் தரும். அதை வேன் திரும்பக் கொண்டுவரும். இடையில் துறைமுகத்து லாரிகள் வரிசை கட்டி நின்றால் வேன் மறுநாள்தான் வரும். ஒருமுறை சம்பளச் சீட்டுகள் டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே ராத்தங்கின.

கடல் அருகில் இருப்பதில் கார்டுகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஈரக்காற்றில் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இயந்திரத்தில் சிக்கும். அதற்காக பஞ்ச் ரூமில் ஒரு ஹாட் பிளேட், அதாவது கரண்ட் அடுப்பு, வைத்திருந்தார்கள். மழைநாளில் கார்டுக் கட்டை அதன் பக்கத்தில் வைத்து, அப்பளம் வாட்டுவதுபோலத் திருப்பித் திருப்பி உலர்த்துவார்கள். ஒருநாள் ஒரு கட்டு கருகிப்போய், மேனேஜர் வந்து கத்தி, இனிமேல் இந்த அறையில் அடுப்பைப் பார்த்தால் மெமோ என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஹாட் பிளேட் யார் கண்ணிலும் படவில்லை. எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

பஞ்ச் ரூமில் மூத்தவர் ஜைனப் அக்கா. டோல்கேட் பக்கத்துச் சந்தில் வீடு. விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கண் கார்டில் இருக்கும், வாய் பக்கத்து சீட் மேரியோடு வம்பளக்கும். அக்காவின் கணவர் காதர் பாய் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் இடத்தில் வேலை பார்த்தவர். கிரேனில் தொங்கிய மூட்டைகள் கயிறு அறுந்து மேலே விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. குரலும் உள்ளுக்குள்ளேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் கிடையாது. மதியச் சங்கு ஊதியதும் அக்கா பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடுவார். பாயைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு மறு சங்குக்குத் திரும்ப வேண்டும். ஒருநாளும் அந்த நேரத்துக்குள் முடிந்ததில்லை. அக்காவின் கார்டுகளை மற்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு முடித்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டதல்ல இது. அந்த அறையில் அப்படித்தான் நடந்தது.

இந்த நிலையில்தான் கிண்டியில் யாருக்கோ வேன் மீது வெறுப்பு வந்தது. திருவொற்றியூரிலேயே ஒரு இயந்திரம் வைக்கலாம், கார்டை அது இங்கேயே படித்து டெலிபோன் கம்பி வழியாகப் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பட்டும், அது கணக்குப் போட்டு அதே கம்பியில் திருப்பி அனுப்பினால் இங்கேயே அச்சாகட்டும் என்று யோசித்தார்கள். ரிமோட் ஜாப் என்ட்ரி என்று அதற்குப் பெயர். எங்கள் வாயில் அது 'ரிமோட்டு' ஆயிற்று. ஒரு மாதம் சோதனை. கம்பி நாள் முழுக்க அறுந்துபோகாமல் இருந்தால் பஞ்ச் ரூம் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் பஞ்ச் ரூமையே கிண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஆட்களோடு சேர்த்து.

அன்றைய கிண்டி இன்றைய கிண்டி அல்ல. டோல்கேட்டில் பஸ் பிடித்து பீச் ஸ்டேஷன் போய், அங்கே மின்சார ரயில் பிடித்து, இறங்கி மறுபடி நடக்க வேண்டும். காலையில் போனால் விளக்கு வைத்தபின்தான் வீடு. மற்ற பெண்களுக்கு அது அலைச்சல். ஜைனப் அக்காவுக்கு மதியம் என்பதே இல்லாமல் போகும். வேலையை விடவும் முடியாது, அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு உயிர்கள். இயந்திரம் வந்து இறங்கிய அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இத எப்டியாச்சும் பேச வெச்சிடுபா. நான் போயிட்டா அந்த மனுசனுக்கு மத்தியானம் யாரு கீறாங்க?"

பேச வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அதில் பாதி தூக்கம்.

இயந்திரம் எங்கேயோ வெளிநாட்டில் உழைத்துக் களைத்து வந்தது. பீரோ அளவு பெட்டி, கார்டு படிக்கும் தட்டு, ஒரு பிரின்டர். பெட்டியின் முதுகுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். எந்த வேகத்தில் பேசுவது, எந்தக் குறியீட்டில் பேசுவது, நம் நிலையத்தின் விலாசம் என்ன என்பதையெல்லாம் அவற்றை மேலும் கீழும் தள்ளித்தான் சொல்ல வேண்டும். கிண்டியிலும் அதையே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு சுவிட்ச் மாறினாலும் இரண்டும் பேசிக்கொள்ளாது. சண்டை போட்ட சம்பந்திகள்போல உட்கார்ந்திருக்கும். நான் ஊக்கை வைத்துத் தள்ளித் தள்ளி விரலைக் கிழித்துக்கொண்டேன். அங்கே டெலிபோனின் மறுமுனையில் பாஸ்கர் என்ற ஆபரேட்டர் பொறுமையாக, "இப்ப பாருங்க... இல்ல... இப்ப பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவரை நான் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. நல்ல குரல். அந்தக் காலத்தில் என் வீட்டாரைவிட அவரோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் காலை எங்கள் நிலையத்தின் பெயர் ஓட்டையிட்ட முதல் கார்டை உள்ளே விட்டதும், பிரின்டர் உறுமி ஒரு வரி அடித்தது. கிண்டி எங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். மேரி பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். யாரோ குங்குமம் கொண்டுவந்து இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தார்கள். அது உதிர்ந்து கார்டு படிக்கும் கண்ணில் விழ, அரைநாள் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது எப்டிபா பேசிக்குது?" என்று ஜைனப் அக்கா கேட்டார்.

"பெரிய மிஷினு ஒவ்வொரு ஊரு மிஷினையும் பேரு சொல்லிக் கூப்புடும்கா. நாம கீறோம்னு பதில் சொல்லணும். கொஞ்ச வாட்டி கூப்ட்டுப் பாத்துட்டு, பதிலு வரலன்னா, செத்துட்டான்னு குறிச்சுகினு அடுத்த ஊருக்குப் போயிடும்."

"நாமளா கூப்புட முடியாதா?"

"முடியாதுக்கா. அவன் கூப்புடற வரிக்கும் காத்துகினு கெடக்கணும்."

அக்கா சிரித்தார். "எங்க வூட்ல நடக்கறதுதான்."

சந்து முனை திரும்பும்போதே அக்கா, "இன்னாங்க, கீறீங்களா?" என்று குரல் கொடுப்பாராம். பாய்க்குப் பதில் சொல்லக் குரல் வராது. கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். சத்தம் கேட்டால் அக்கா மெதுவாக நடப்பார். கேட்காவிட்டால் ஓடுவார். பெரும்பாலும் பாய் தூங்கிப்போயிருப்பார். ஓடி வந்ததற்காக அவரைத் திட்டிக்கொண்டே கஞ்சி ஊற்றுவேன் என்று அக்கா சொன்னார்.

காலை முழுக்க நன்றாகப் பேசிக்கொண்டிருந்த இயந்திரம் முதல் நாளே மதியத்தில் செத்தது. நாங்கள் ஆண்கள் எல்லோரும் சங்குக்கு முன்னாலேயே முதல் பந்திக்கு கேன்டீன் போய்விடுவது வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், ஆனால் கிண்டி எங்களைக் கூப்பிடாது. போன் செய்தால் பாஸ்கர், "உங்க ஸ்டேஷன் பதில் சொல்லலைன்னு டெட் போட்டிருக்கு. நான் மறுபடி உயிர் கொடுக்கறேன்" என்பார். மறுநாளும் மதியம். அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாகாது. அது ஏன் என்று யோசித்து எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம். சுவிட்சுகளை மாற்றினேன். மாற்றியதைத் திருப்பி மாற்றினேன். டெலிபோன் இலாகாக்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்து கம்பியைச் சோதித்தேன். அவர் டீ குடித்துவிட்டு நல்ல கம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிண்டியிலிருந்து வரதன் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். படித்தவர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு, பஞ்ச் ரூமுக்கு வந்து நேராகக் கேட்டார்: "மத்தியானம் இந்த ரூம்ல என்ன நடக்கறது? எதையாவது ஆன் பண்றேளா, ஆஃப் பண்றேளா?"

அறையில் ஒரு கணம் பஞ்ச் இயந்திரங்களின் சத்தம் நின்றது. மேரிதான் முதலில் சொன்னாள். "இன்னா நடக்கும் சார். ஒண்ணும் இல்ல. சாப்புடுவோம்."

"ஒண்ணும் இல்ல சார்" என்று மற்றவர்களும் சொன்னார்கள். ஜைனப் அக்கா தலையைக் குனிந்து கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்தேன். வரதன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அப்பால் கடல். உப்புக்காற்றில் பூமிக்கடியில் கம்பி அரித்திருக்கும், வெயில் ஏறினால் அது வேலையைக் காட்டும் என்று முடிவுக்கு வந்தார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் கம்பியே ஒரு மழைக்காலம் தாங்காது.

சோதனை மாதம் முடியப்போகும் சமயத்தில் எனக்கு வயிறு சரியில்லை. கேன்டீனுக்குப் போகாமல், கார்டுப் பெட்டிகளின்மேல் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தேன். நான் இருப்பது யாருக்கும் தெரியாது. ஜைனப் அக்கா எழுந்து மூலையிலிருந்த அலமாரிக்குப் பின்னால் போனார். அந்த மூலையில்தான் டெலிபோன் கம்பி சுவரிலிருந்து வருகிறது. அங்கே இருந்த ஒரே பிளக் பாயின்டில்தான் மோடத்தை, அதாவது இயந்திரத்தின் பேச்சைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியை, நான் செருகி வைத்திருந்தேன். அக்கா மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினார். அலமாரிக்கு அடியிலிருந்து ஹாட் பிளேட்டை எடுத்து அந்த இடத்தில் செருகினார். பையிலிருந்து கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து மேலே வைத்தார். மேரி வழக்கம்போல வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

வீட்டில் கெரசின் ஸ்டவ்வை பம்ப் அடித்துப் பற்றவைக்க நேரம் இருக்காது. அதனால் இங்கேயே சூடு பண்ணி, பிடுங்கிய பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டு, கஞ்சியை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஓடுவார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலிலிருந்து யாராவது பாய்க்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம். மெமோவுக்குப் பயந்து அந்த ஹாட் பிளேட்டை அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு வரதனுக்குச் சொன்ன 'ஒண்ணும் இல்ல'வும் அதற்காகத்தான். அவர்கள் காப்பாற்றியது ஒரு அடுப்பை, அந்த அடுப்பு வழியாக அக்காவை.

நான் எழுந்து நின்றேன். இயந்திரத்தின் பெட்டியில் கம்பி செத்துவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார், பிறகு விளக்கை, பிறகு தரையில் கிடந்த பிளக்கை.

"தம்பி... இதாலயா?"

அக்கா ஹாட் பிளேட்டைப் பிடுங்கிவிட்டு மோடத்தை மறுபடி செருகினார். இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "நானே போட்டு கொன்னுகினு இருந்தேனா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்போது சங்கு ஊதியது. உட்கார்ந்திருக்க அவருக்கு நேரம் கிடையாது. ஆறின கஞ்சியை அப்படியே பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எனக்கு வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. எவ்வளவு சுலபமான வியாதி, எவ்வளவு சுலபமான மருந்து. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைப் பிடித்து இன்னொரு பிளக் பாயின்ட் போட வைத்தேன். மறுநாள் மதியம் நாங்கள் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. ஹாட் பிளேட்டில் கஞ்சி சூடானது. மோடத்தில் விளக்குகள் எரிந்தன. சங்கு ஊதி அக்கா போய் வந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் காலையிலிருந்தே கிண்டி எங்களைக் கூப்பிடவில்லை என்பதைச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு அது உறைத்ததும், சரி, பாஸ்கர் மறந்துவிட்டார்போல என்று போன் செய்தேன்.

"உங்க லைன் நல்லா இருக்குங்க" என்றார் பாஸ்கர். "இங்க கம்ப்யூட்டர் கூப்பிடுற லிஸ்ட்ல உங்க ஸ்டேஷன் பேரை எடுக்கச் சொல்லிட்டாங்க. ஆர்டர் வந்து நாளாச்சு, நான்தான் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். நேத்து ராத்திரி எடுத்துட்டோம். நீங்க அங்க என்ன பண்ணாலும் இனிமே இது கூப்பிடாது."

மேனேஜரிடம் ஓடினேன். அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் பிளக்கைப் பற்றி மட்டும் சொன்னேன். பிறகு வேறு வழியில்லாமல் அடுப்பையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அவரும் கிண்டிக்குப் பேசிப் பார்த்தார். வரதனின் முடிவு போய்ச் சேர்ந்தாயிற்று, அங்கே பஞ்ச் இயந்திரங்களுக்கு மேசை போட்டாயிற்று, வாடகை இயந்திரத்தைத் திருப்பி அனுப்பவும் சொல்லியாயிற்று. மேசை போட்டதை எடுப்பது அலுவலகங்களில் நடக்காத காரியம். மேனேஜர் போனை வைத்துவிட்டு, "நீ டீ சாப்பிடுறியாப்பா" என்று கேட்டார்.

இயந்திரத்தை எடுத்துப்போக லாரி வரும்வரை அது அந்த அறையில் விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. அணைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லா சுவிட்சும் சரியாக இருந்தது, கம்பி சரியாக இருந்தது. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லத் தயாராக இருந்தது. ஜைனப் அக்கா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஞ்ச் ரூம் கிண்டிக்குப் போனது. நான் ஸ்டோர்ஸுக்கு மாற்றப்பட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மதியம் எட்டிப் பார்த்து பாய்க்குத் தண்ணீர் கொடுப்பதாக ஏற்பாடு என்று மேரி ஒருமுறை சொன்னாள். அடுத்த கோடையில் ஒருநாள் அவளே ஆள் அனுப்பினாள். காதர் பாய் போய்விட்டார்.

சந்து நிறைய ஆட்கள் நின்றார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எல்லோரிடமும் அழுதுகொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "மத்தியானம் டம்ளர தட்டிகினு இருந்தாருபா. ரொம்ப நேரம் தட்டுனாரு. தெனம் தட்டுறவருதானேன்னு வுட்டுட்டேன். அப்பால சத்தம் நின்னுச்சு, தூங்கிட்டாருன்னு நெனச்சேன்."

ஜைனப் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சாதாரணமாக ஏதோ விசாரிப்பதுபோலச் சொன்னார்.

"உன் மிஷினு தேவலபா. பதிலு வரலன்னா அதுக்கு ஒடனே தெரிஞ்சிடும். எனக்கு சாயங்காலம் தெருமுனைக்கு வந்து கூப்புட்டப்போதான் தெரிஞ்சுது."

அதன்பின் கார்டுகள் போயின. கம்ப்யூட்டர் திரைகள் வந்தன. கிண்டி பஞ்ச் ரூமையும் கலைத்தார்கள் என்று கேள்வி. அக்கா எங்கே போனார் என்று மேரிக்கும் தெரியவில்லை, பிறகு மேரி எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. எங்கள் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்றைக்குக் கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. மதியச் சங்கு ஊதுகிற ஆலை என்று இந்தப் பக்கத்தில் எதுவும் என் காதுக்கு எட்டுவதில்லை.

டெக்னீஷியன் அந்தப் பக்கம் சொல்லி எங்கள் பெயரைத் திரும்பச் சேர்க்க வைத்துவிட்டார். டப்பாவில் பச்சை விளக்கு எரிகிறது. எனக்குத்தான் அன்றிலிருந்து வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, ஒரு காரியமும் இல்லாமல் கிண்டி வரை போய்வந்தேன். வண்டி மாற வேண்டியதில்லை, குளிர்ந்த காற்று, உட்கார இடம். ஏறிக் கொஞ்ச நேரத்தில் டோல்கேட் வந்தது. உயரத்திலிருந்து கீழே பார்த்தேன். அந்தச் சந்து எது என்று அடையாளம் தெரியவில்லை. எல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன. வண்டிக் கதவு திறந்து மூடியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். கீழே லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.